புதுப்பித்த எஞ்சினுக்குச் சுருதி கூட்டுதல்

வீணையைச் செய்து முடித்த தச்சர் அதனை வாசிப்பவர் கையில் கொடுத்த அளவிலேயே அது பாடத் தொடங்கிவிடாது. தந்திகள் புதியனவாக இருக்கலாம். மெட்டுக்கள் செவ்வையாகப் பதிக்கப்பட்டிருக்கலாம். ஆயினும், சுருதி கூட்டிய பின்னரே அதனிடத்து இன்னிசை பிறக்கும். பழைய மோட்டார் எஞ்சின் ஒன்றை வண்டியினின்று இறக்கிப் பிரித்து, தேய்ந்த உறுப்புக்களை மாற்றி, மீண்டும் பூட்டி முடித்தவர் நிலையும் இத்தகையதே. உறுப்புக்கள் யாவும் புதியன என்பதனால் மட்டும் அவை ஒன்றோடொன்று ஒத்து உழைக்கும் என்பது பெறப்படாது. காற்று, பெட்ரோல், தீப்பொறி ஆகிய மூன்றும் உரிய அளவிலும் உரிய காலத்திலும் கூடுமாறு செய்தல் வேண்டும். அச்செயலை ஆங்கிலேயர் இசைத்துறைச் சொல்லாலேயே ‘டியூனிங்’ என வழங்குவர். யாமும் இங்கே சுருதி கூட்டுதல் என்றே வழங்குவோம்.

இச்செயலில் பொதுவாக நேரும் பிழை ஒன்றுண்டு. எஞ்சின் இனிதாக ஒலிக்கின்றது, வண்டி விரைவாக ஓடுகின்றது என்று செவியையும் மனத்தையுமே நம்பிச் சிலர் வேலையை முடித்துவிடுவர். சில நூறு மைல் ஓடிய பின்னர் ஒரு பிஸ்டன் உருகித் துளைபட்டு வண்டி நின்றுவிடின், பல மாத உழைப்பும் பெரும்பொருளும் ஒரு நொடியில் வீணாயின என்பதை அப்போது உணர்வர். செவிக்குப் புலப்படாத குறையைப் புலப்படுத்த ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோலே டைனமாமீட்டர் எனப்படும் பொறி. அப்பொறி யாது, அதனிடம் எவ்வாறு வினாவுதல் வேண்டும், அது தரும் விடைக்கு எவ்வாறு பொருள் கொள்ளுதல் வேண்டும் என்பனவற்றை ஓர் எஞ்சினை உதாரணமாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

எடுத்துக்கொண்ட எஞ்சின்

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகருக்குத் தெற்கே ஆபிங்டன் என்னும் ஊர் உளது. எம்.ஜி. கம்பெனியாரின் தொழிற்சாலை அங்கே இருந்தது. எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார் 1962 முதல் 1980 வரை அத்தொழிற்சாலையில் செய்யப்பட்டது. திறந்த வண்டிகளும் கூரை வேய்ந்த வண்டிகளுமாக 5 லட்சத்துக்கு மேற்பட்டவை வெளிவந்தன. 1980-இல் தொழிற்சாலை மூடப்பட்டது, வண்டிகளோ மறையவில்லை. அவற்றைப் பழுது பார்த்துப் போற்றி ஓட்டுவோர் இன்றும் பலர். ஆதலின் இவ்வெஞ்சினைப் புதுப்பித்துப் பரீட்சிக்கும் வேலை இன்றும் நடைபெறுவதாகும்.

எஞ்சின் நான்கு சிலிண்டர்களை உடையது. ஒவ்வொரு சிலிண்டரின் விட்டம் 80.26 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் சுமார் 89 மில்லிமீட்டர், நான்கின் கொள்ளளவும் சேர்ந்து 1798 கன சென்டிமீட்டர். தொடக்கக் காலத்து எம்.ஜி.பி. எஞ்சின் நிமிஷத்துக்கு 5400 சுழற்சியில் 95 குதிரைச் சக்தியும், 3000 சுழற்சியில் 110 அடி-ராத்தல் முறுக்கு விசையும் தருவதாகச் செய்தோர் அறிவித்தனர். அதற்குக் கலவை ஊட்டுவன எஸ்.யூ. என்னும் பெயருடைய இரண்டு கார்புரேட்டர்கள். சிலிண்டர் தலையில் கலவை புகும் வழிகள் நான்கல்ல, இரண்டே. முதலிரண்டு சிலிண்டர்களுக்கு ஒரு வழியும், பின்னிரண்டு சிலிண்டர்களுக்கு ஒரு வழியும் பொதுவாக அமைந்துள்ளன. ஒரே வாயிலை இருவர் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் இருவருக்கும் எப்போதும் சம வசதி கிடைத்தல் அரிது. இதனை நினைவிற் கொள்க, பின்னர்ப் பயன்படும்.

இனி, புதுப்பித்த எஞ்சின் தொழிற்சாலையினின்று வெளிவந்த அதே எஞ்சின் அன்று என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து பெரிதாக்குவர். விட்டத்தை ஓர் அங்குலத்தில் 1000-இல் 30 பங்கு கூட்டினால் கொள்ளளவு 1798-லிருந்து சுமார் 1832 ஆகும். தலையின் அடிப்பரப்பைச் சீவிச் சமன் செய்தால் கலவை அமுக்கப்படும் விகிதம் உயரும். பெட்ரோலும் மாறியுளது. முற்காலப் பெட்ரோலிற் கலந்திருந்த ஈயம் வால்வுகள் அமரும் இருக்கைகளைத் தேயாமற் காத்தது. 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஈயம் கலந்த பெட்ரோல் இங்கிலாந்திற் பொது விற்பனையினின்று நீங்கியது. ஆதலின் இப்போது கடினமான இருக்கைகளைப் புதிதாகப் பதிக்கின்றனர். 2021 செப்டம்பர் முதல் அந்நாட்டுச் சாதாரணப் பெட்ரோலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை எதில் ஆல்கஹால் கலந்து வருகின்றது. நம் நாட்டுப் பெட்ரோலிலும் அது கலக்கப்படுகின்றது. ஆல்கஹால் தன்னுள்ளே பிராணவாயுவை உடையது. ஆதலின் பழைய அளவிலேயே கலவையை விட்டால் அது மெலிந்துவிடும். இக்காரணங்களால், பழைய கைப்புத்தகம் கூறும் அளவுகள் நமக்குத் தொடக்கமே யன்றி முடிவாகா. இந்த எஞ்சினுக்கு எது ஏற்றது என்பதை இந்த எஞ்சினிடமே கேட்டறிதல் வேண்டும்.

சக்தியை அளப்பது எவ்வாறு?

வேலை செய்யும் திறனைக் குதிரையோடு ஒப்பிட்டு அளந்தவர் ஜேம்ஸ் வாட் என்பார். ஒரு நிமிஷத்தில் 33,000 அடி-ராத்தல் வேலை செய்வது ஒரு குதிரைச் சக்தி என்பது அவர் வகுத்த கணக்கு. எஞ்சினின் சக்தியை அளக்க வேண்டுமாயின் அதற்கு ஒரு தடையை ஏற்படுத்தி, அத்தடையை எதிர்த்து அது எவ்வளவு முறுக்குகின்றது என்றும், எவ்வளவு விரைவாகச் சுழல்கின்றது என்றும் காண வேண்டும். 1821-இல் பிரெஞ்சு எஞ்சினியராகிய டி பிரோனி என்பவர், சுழலும் தண்டை மரக்கட்டைகளால் இறுகப் பிடித்து, அக்கட்டைகளோடு பிணைத்த நீண்ட கையின் நுனியில் எடை தொங்கவிட்டு அளந்தார். பெரிய எஞ்சின்களுக்கு இம்முறை பொருந்தாது. கட்டைகள் சூடேறித் தீய்ந்துவிடும். 1877-இல் வில்லியம் புரூடு என்னும் ஆங்கில எஞ்சினியர் கப்பல் எஞ்சின்களை அளத்தற்பொருட்டு நீரையே தடையாகக் கொண்ட பொறியை அமைத்தார். இக்காலத்தில் மின்காந்தத்தைத் தடையாகக் கொண்ட பொறிகளும் வழங்குகின்றன. தடை யாதாயினும் தத்துவம் ஒன்றே.

ஓரடி நீளமுள்ள கையின் நுனியில் 110 ராத்தல் இழுப்பு இருந்தால் முறுக்கு விசை 110 அடி-ராத்தல். அதனைச் சுழற்சி எண்ணால் பெருக்கி 5252-ஆல் வகுத்தால் குதிரைச் சக்தி கிடைக்கும். 5252 என்னும் எண் எங்கிருந்து வந்தது எனின், 33,000-ஐ ஒரு முழுச் சுழற்சிக்குரிய 6.2832-ஆல் வகுத்ததனால் வந்தது. இக்கணக்கை நம் எஞ்சினுக்குப் பொருத்திப் பார்ப்போம். 3000 சுழற்சியில் 110 அடி-ராத்தல் எனின் சக்தி சுமார் 63. 5400 சுழற்சியில் 95 குதிரைச் சக்தி எனின் அப்போதைய முறுக்கு விசை சுமார் 92 அடி-ராத்தலே. முறுக்கு விசை 110-லிருந்து 92-ஆகக் குறைந்தும் சக்தி 63-லிருந்து 95-ஆக உயர்ந்தது, சுழற்சி மிகுந்தமையால். மற்றொரு நயமும் காண்க: 5252 சுழற்சியில் இவ்விரண்டு எண்களும் சமமாகும். இரண்டு கோடுகளையும் ஒரே அளவுகோலில் வரைந்த தாளில் அவை அவ்விடத்தில் ஒன்றையொன்று வெட்டாவிடின், வரைந்த கணக்கிலே பிழையுண்டு என்று உடனே கூறிவிடலாம்.

டைனமாமீட்டரில் இருவகை உண்டு. ஒன்று எஞ்சினைத் தனியே பீடத்திற் பூட்டி அளப்பது. மற்றொன்று வண்டியின் பின்சக்கரங்களை உருளைகளின்மேல் நிறுத்தி அளப்பது. பின்னதில் கியர்ப்பெட்டி, பின்னச்சு, டயர் ஆகியவை தத்தம் பங்கைத் தின்று விடுதலால், உருளை காட்டும் சக்தி எஞ்சினின் சக்தியினும் குறைவாகவே இருக்கும். நூற்றுக்கு 15 முதல் 20 வரை குறைவது இயல்பு. ஆதலின் ஒரு வகைப் பொறியில் கண்ட எண்ணை மற்றொரு வகையில் கண்ட எண்ணோடு ஒப்பிடுதல் தகாது.

மேடை ஏறுமுன் செய்ய வேண்டுவன

நோயுற்றவனை ஓட்டப்பந்தயத்தில் விட்டு அவன் வேகத்தை அளப்பார் உளரோ? எஞ்சினையும் நலமுடையது என்று உறுதி செய்த பின்னரே பரீட்சை மேடையில் ஏற்றுதல் வேண்டும். புதிய காம் தண்டும் புதிய டாப்பெட்டுகளும் பூட்டப்பட்டிருந்தால், முதன்முறை ஓடும்போது சுமார் 20 நிமிஷம் எஞ்சினை 2000 முதல் 2500 சுழற்சியில் ஓடவிட வேண்டும். மெல்ல ஓடவிட்டால் அவ்வுறுப்புக்களின் உராயும் முகங்களுக்குப் போதிய எண்ணெய் தெறிக்காது. முதல் நாளிலேயே அவை தேய்ந்துபோம். பின்னர்த் தலையின் நட்டுக்களை முறைப்படி மீண்டும் இறுக்கி, வால்வு இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அவ்விடைவெளி அங்குலத்தில் 1000-இல் 15 பங்கு இருத்தல் முறை.

அடுத்து நான்கு சிலிண்டர்களின் அமுக்க அழுத்தத்தையும் அளக்க வேண்டும். சதுர அங்குலத்துக்கு 160 ராத்தல் அளவில் இருத்தல் நன்று. அதனினும் முக்கியம், நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருத்தல். எஞ்சின் சூடேறி ஓடும்போது எண்ணெய் அழுத்தம் 50-க்குக் குறையலாகாது. கார்புரேட்டருக்கும் தலைக்கும் இடையே காற்றுக் கசிவு இருத்தலாகாது. மிதவைக் கிண்ணங்களில் பெட்ரோல் மட்டம் சரியாக இருத்தல் வேண்டும். காலால் மிதிக்கும் பெடல் முழுதும் தாழ்ந்தபோது கார்புரேட்டரின் திராட்டில் முழுதும் திறக்கின்றதா என்பதையும் கண்ணாற் காண வேண்டும். எளிய செய்தி என்று இதனை இகழற்க. பாதி திறந்த கதவின் வழியே எஞ்சினை மூச்சுவிடச் செய்து, சக்தி போதவில்லை என்று விலையுயர்ந்த உறுப்புக்களை வாங்கி மாற்றுவோரும் உளர்.

காற்றும் பெட்ரோலும்

எஸ்.யூ. கார்புரேட்டரை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்தவர் ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் என்பவர். அவர் குடும்பத்தார் செருப்பு வாணிகர். அதற்கேற்ப முதற் கார்புரேட்டர்களில் தோலாற் செய்த துருத்தியே அமைந்திருந்தது. பின்னர்த் துருத்தி நீங்கி, அதன் இடத்தில் உலோகப் பிஸ்டன் வந்தது. அதன் தொழிலை அறிதல் எளிது. எஞ்சின் உறிஞ்சும் காற்று மிகுந்தால் பிஸ்டன் மேலெழும்; குறைந்தால் தாழும். பிஸ்டனின் அடியில் கீழ்நோக்கிக் கூர்த்துச் செல்லும் ஊசி ஒன்று பிணைக்கப்பட்டுளது. அவ்வூசி, பெட்ரோல் வரும் ஜெட் என்னும் துளைக்குள் நிற்கும். பிஸ்டன் எழ எழ ஊசியின் மெல்லிய பகுதி துளையில் வந்து நிற்றலால் பெட்ரோல் செல்லும் இடைவெளி விரியும். காற்றுக்கேற்ற பெட்ரோல் தானே வந்து சேரும். இவ்வளவு எளிய அமைப்பால் இவ்வளவு நுட்பமான வேலை நடைபெறுவது வியப்பேயாகும்.

இதனைச் சீர்ப்படுத்தும் பழைய முறை ஒன்றுண்டு. எஞ்சின் மெல்ல ஓடும்போது பிஸ்டனை மிகச் சிறிது, ஓர் அங்குலத்தில் 32-இல் ஒரு பங்கு, தூக்குவர். எஞ்சின் விரைந்து அவ்விரைவிலேயே நின்றால் கலவை செறிந்தது. தடுமாறி அணையப் போனால் மெலிந்தது. சிறிதே விரைந்து உடனே அமைந்தால் சரியானது. அதற்கேற்ப ஜெட்டின் நட்டைத் திருகி அதனை உயர்த்தியும் தாழ்த்தியும் அமைப்பர். இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று காண, ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்து, இரண்டன் சீறலையும் மாறி மாறிக் கேட்பர். இம்முறை இன்றும் நல்ல முறையே. ஏனெனில் செவி இரண்டு ஒலிகளை ஒப்பிடுவதில் வல்லது. ஆனால், ஒரே ஒலியைக் கேட்டு இத்தனை பங்கு காற்று, இத்தனை பங்கு பெட்ரோல் என்று கூறுவதற்கு அது வல்லதன்று.

மேலும், மெல்ல ஓடும்போது சரியாக உள்ள கலவை, முழு விரைவில் ஓடும்போதும் சரியாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. மெல்ல ஓடும்போது ஊசியின் மேற்பகுதியே தொழில் செய்கின்றது. முழு விரைவில் அதன் கீழ்ப்பகுதி. ஊசியின் பருமனை எட்டில் ஓர் அங்குலத்துக்கு ஓரிடமாக அளந்து குறித்த பட்டியல்கள் உண்டு. பல நூறு வகை ஊசிகள் எழுத்துக் குறிகளோடு செய்யப்பட்டுள்ளன. எந்த ஊசி ஏற்றது என்பதற்கு டைனமாமீட்டரே விடை கூறும்.

நூல்கள் கூறும் கணக்கின்படி ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிதற்கு எடையால் 14.7 பங்கு காற்று வேண்டும். மிகுந்த சக்தி வேண்டுமிடத்துக் கலவை சிறிது செறிந்திருத்தல் வேண்டும், 12.5 முதல் 13 பங்கு காற்று என்பது அனுபவத்திற் கண்ட அளவு. மிகுதியான பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை ஈர்த்துப் பிஸ்டனையும் வால்வையும் குளிர்விக்கும். இதற்கு மாறாக முழுப்பாரத்தில் கலவை மெலிந்தால் வெப்பம் மிகும். தானே வெடிக்கும் கேடும் நெருங்கும். இக்கலவையை அளக்கப் புகைக்குழாயில் பிராணவாயு உணர்கருவி ஒன்றைப் பொருத்துவர். 1976-இல் வால்வோ கார்களில் முதன்முதல் வழக்கத்துக்கு வந்த கருவியின் வழித்தோன்றல் இது. எம்.ஜி.பி. செய்யத் தொடங்கிய காலத்தில் இத்தகைய உதவி இல்லை. இன்று பழைய எஞ்சினுக்குப் புதிய கருவி கண்ணாக உதவுகின்றது.

இனிப் பரீட்சை. 2000 சுழற்சியில் தொடங்கி 500, 500-ஆக உயர்த்தி, ஒவ்வோரிடத்திலும் திராட்டிலை முழுதும் திறந்து, தடையால் அச்சுழற்சியிலேயே எஞ்சினை நிறுத்தி, முறுக்கு விசையையும் கலவையையும் குறித்துக் கொள்ள வேண்டும். 2500-இல் கலவை 12.8 ஆகவும் 4500-இல் 14 ஆகவும் இருக்கக் கண்டோம் என்று கொள்வோம். இங்கே ஜெட்டின் நட்டைத் திருகுதல் பேதைமை. திருகினால் 4500-இன் குறை தீரும். ஆனால் 2500-இல் கலவை வேண்டாத செறிவு பெறும். குறை ஊசியின் கீழ்ப்பகுதியில் மட்டும் உளது. ஆதலின் அவ்விடத்தில் சிறிது மெல்லிய வேறு ஊசியைத் தேர்தல் வேண்டும்.

எவ்வளவு மெல்லியது? ஜெட்டின் துளை அங்குலத்தில் 1000-இல் 90 பங்கு. அவ்விடத்து ஊசி 70 பங்கு என்று கொள்வோம். அதனை 69 ஆக்கினால், இரண்டுக்கும் இடைப்பட்ட வளையத்தின் பரப்பு நூற்றுக்கு 4 பங்குக்கு மேல் மிகுகின்றது. கலவை 14-லிருந்து ஏறத்தாழ 13.4-க்கு வந்துவிடும். 68 ஆக்கினால் ஏறத்தாழ 12.9. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது தலைமயிரின் பருமனினும் குறைவு. அவ்வளவு சிறு வேற்றுமையே பிஸ்டனுக்கு வாழ்வும் கேடுமாக அமைகின்றது. இவ்வேற்றுமையைக் கண்ணாலோ செவியாலோ காண்பார் யார்?

மற்றொரு குறையும் இங்கே வெளிப்படும். ஒரே சுழற்சியில் பாரத்தோடு நிறுத்தி வைத்திருக்கும்போது, முதலிற் சரியாக இருந்த கலவை சில விநாடிகளில் மெலிந்துகொண்டே போனால், குற்றம் ஊசியினதன்று. மிதவைக் கிண்ணத்துக்குப் பெட்ரோல் போதிய அளவு வரவில்லை. எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்கிடலாம். எஞ்சின் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை தன் கொள்ளளவைக் காற்றால் நிரப்புகின்றது. 5400 சுழற்சியில் அது நிமிஷத்துக்குச் சுமார் 4850 லிட்டர். நூற்றுக்கு 80 பங்கே நிரம்புகின்றது எனக் கொண்டால் 3880 லிட்டர். எடை சுமார் 4.7 கிலோ. இதற்குரிய பெட்ரோல் ஏறக்குறைய அரை லிட்டர். நிமிஷத்துக்கு அரை லிட்டர் தரமாட்டாத பம்போ, அழுக்கடைந்த வடிகட்டியோ, நசுங்கிய குழாயோ இருந்தால் எந்த ஊசியாலும் பயனில்லை.

தீப்பொறியின் காலம்

கலவை சீர்ப்பட்ட பின்னர்த் தீப்பொறியை நோக்குவோம். பிஸ்டன் மேலெல்லையை அடையுமுன்னரே பொறி பிறத்தல் வேண்டும். என்னை? தீ பரவுதற்குச் சிறிது காலம் வேண்டுதலின். 5400 சுழற்சியில் ஒரு விநாடிக்கு 90 சுழற்சி. நான்கு சிலிண்டர்களுக்குமாக விநாடிக்கு 180 பொறிகள். அந்த விரைவில் கிராங்க் தண்டு 32 பாகை திரும்புதற்கு ஆகும் காலம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கே. அதற்குள் தீ பரவி, பிஸ்டன் மேலெல்லையைக் கடந்து சிறிது இறங்கும்போது அழுத்தம் உச்சத்தை எட்டுதல் வேண்டும்.

எஞ்சின் மெல்ல ஓடும்போது பொறி சிறிதே முந்தினால் போதும். விரைந்து ஓடும்போது மிக முந்துதல் வேண்டும். இம்மாறுதலை டிஸ்ட்ரிபியூட்டரின் உள்ளே அமைந்த சிறு எடைகளும் சுருள்வில்களும் செய்கின்றன. பல ஆண்டுகளில் வில்கள் தளர்ந்துவிடுதலால், ஓரிடத்தில் சரியாக வைத்த காலம் மற்றோரிடத்தில் தவறிவிடும். ஆதலின் மெல்ல ஓடும்போது மட்டுமன்றி, முழு விரைவிலும் காலம் காட்டும் விளக்கால் அளந்து பார்த்தல் இன்றியமையாதது. இவ்வகை எஞ்சினுக்கு முழு விரைவில் 30 முதல் 34 பாகை வரை முந்துதல் பொதுவாக ஏற்றது.

மேடையில் 28 பாகையில் தொடங்கி, இரண்டிரண்டு பாகையாக முந்த வைத்து, ஒவ்வொரு முறையும் முறுக்கு விசையை நோக்க வேண்டும். விசை ஏறிக்கொண்டே வந்து ஓரிடத்தில் ஏறாது நிற்கும். 32 பாகையிலும் 34 பாகையிலும் ஒரே விசை கிடைத்தால், 32-ஐயே கொள்க. மிகுதியான இரண்டு பாகையால் வரும் இலாபம் யாதுமில்லை. வரும் கேடு பெரிது. பொறி மிகவும் முந்தினால், இன்னும் எரியாது மூலையில் எஞ்சிய கலவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானே ஒருங்கு வெடிக்கும். அதனை நாக்கிங் என்பர். சாலையிற் செல்லும்போது அது கூழாங்கற்கள் உருளும் ஓசைபோற் கேட்கும். பரீட்சை மேடையின் பேரிரைச்சலிலோ கேளாமலே போகலாம். கேளாத அந்த வெடிப்பே பிஸ்டனின் விளிம்பை உடைத்துவிடும். ஆதலின் இவ்விடத்தில் பேராசை பெருநட்டமாகும்.

பரீட்சை முடிந்ததும் எஞ்சினை உடனே நிறுத்தி, நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிப் பார்த்தல் வேண்டும். புகைக்குழாயிலுள்ள உணர்கருவி நான்கு சிலிண்டர்களின் கூட்டுப் புகையையே அளக்கின்றது. ஒருவர் உண்டதும் மற்றவர் பசித்ததும் சராசரியில் மறைந்துபோம். இரண்டு சிலிண்டர்கள் ஒரு வழியைப் பகிரும் இவ்வெஞ்சினில் இது மிகவும் வேண்டும் எச்சரிக்கை. ஒரு பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மட்டும் வெளுத்துப் பொரிந்திருந்தால், எண்கள் எவ்வளவு நல்லனவாயினும் அதனைப் பொருட்படுத்தி ஆராய்தல் கடமை.

ஒரு முறைக்கு ஒரு மாற்றம்

இவ்வேலை முழுவதற்கும் அடிப்படையான விதி ஒன்றுண்டு. ஒரு முறைக்கு ஒன்றையே மாற்றுக, மாற்றியதை எழுதுக, மீண்டும் அளக்க. ஊசியையும் மாற்றிப் பொறியின் காலத்தையும் மாற்றி, இரண்டு குதிரைச் சக்தி மிகுந்தது என்று மகிழ்வோர், எதனால் மிகுந்தது என்று கூறமாட்டார். ஒன்று நான்கு கூட்டியிருக்கலாம். மற்றொன்று இரண்டைக் குறைத்திருக்கலாம். அவர் பெற்றது இரண்டு, இழந்தது அறிவு.

யாதொன்றையும் மாற்றாமலே இரண்டு மூன்று முறை அளந்து பார்த்தலும் வேண்டும். அவ்வளவுகள் தமக்குள் ஒரு குதிரைச் சக்தி வேறுபட்டால், ஒரு மாற்றத்தால் ஒரு குதிரைச் சக்தி மிகுந்தது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. காற்றின் நிலையும் கருதற்பாலது. 15 டிகிரி வெப்பமுள்ள காற்றைவிட 35 டிகிரி வெப்பமுள்ள காற்று, அழுத்தம் ஒன்றாயின், நூற்றுக்கு 6 பங்குக்கு மேல் இலேசானது. காலையில் ஒரு முறையும் நண்பகலில் ஒரு முறையும் அளந்து, எஞ்சின் தளர்ந்தது என்று வருந்துதல் வீண். வெப்பம், அழுத்தம், ஈரம் ஆகியவற்றைக் கொண்டு எண்களைத் திருத்தும் முறைகள் உண்டு. அவற்றுள் எம்முறை கொள்ளப்பட்டது என்பதைத் தாளிற் குறித்தல் வேண்டும்.

ஒரே ஓர் உச்ச எண்ணை மட்டும் நோக்குதலும் முறையன்று. ஓர் எஞ்சின் 5500 சுழற்சியில் 100 குதிரைச் சக்தி தந்து 3000-க்குக் கீழே தடுமாறலாம்; மற்றொன்று 95 தந்து 2000 முதல் 5000 வரை தளராது இழுக்கலாம். சாலையில் நாள்தோறும் செல்வார்க்குப் பின்னதே நல்லது. உச்சியை எட்டும் நேரம் சிறிது. இடைப்பட்ட வழியே பெரிது. எனவே கோட்டின் உச்சியை நோக்குமுன் அதன் அகலத்தையும் ஒழுங்கையும் நோக்குக. கோட்டில் ஒரு பள்ளம் காணப்பட்டால், அங்கே எஞ்சின் நம்மிடம் ஒரு குறையைச் சொல்லுகின்றது என்று கொள்க.

மேடையால் சொல்ல இயலாதனவும் உண்டு. எஸ்.யூ. கார்புரேட்டரின் தலையில் உள்ள எண்ணெய்த் தடுப்பு, திராட்டிலைத் திடீரெனத் திறக்கும்போது பிஸ்டன் துள்ளி எழாமல் தடுத்துக் கலவையை ஒரு கணம் செறியச் செய்கின்றது. ஒரே சுழற்சியில் நிறுத்தி அளக்கும் பரீட்சையில் அதன் குணம் வெளிப்படாது. வளைவில் திரும்பும்போது கிண்ணத்தில் பெட்ரோல் ஒதுங்குதல், மலைச்சாலையில் வெப்பம் ஏறுதல், குளிர்ந்த காலையில் எஞ்சின் விழித்தெழுதல் ஆகிய இவற்றைச் சாலையே காட்டும். ஆகவே மேடை முதற் பரீட்சை; சாலை முடிந்த பரீட்சை.

இதுகாறும் கூறியவற்றால் புலனாவது யாது? டைனமாமீட்டர் எஞ்சினுக்குச் சக்தி தருவதன்று. உள்ள சக்தியையும் உள்ள குறையையும் மறையாமற் சொல்லும் சாட்சி. அதனிடம் பெருமையைத் தேடிச் செல்வோர் ஓர் எண்ணைப் பெற்றுத் திரும்புவர். குறையைத் தேடிச் செல்வோர் நெடுநாள் உழைக்கும் எஞ்சினைப் பெற்றுத் திரும்புவர். விஞ்ஞானம் பயிலும் மாணவ நண்பர்கள் இவ்விதியைத் தத்தம் சோதனைச் சாலையிலும் பொன்னேபோற் போற்றுவாராக. நாம் விரும்பும் விடை வரும்வரை அளந்து, வந்தவுடன் நிறுத்துவது சோதனை யாகாது. விரும்பாத விடை வந்தபோதும் அதனை மறையாது எழுதி, காரணம் தேடி, மீண்டும் அளப்பதே சோதனை. அவ்வாறு செய்பவர் கையில் அறுபது ஆண்டுப் பழைய இரும்பும் புத்துயிர் பெற்று ஓடும்.